கடன் மட்டும் வேண்டாம், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

உன் மெயிலைப் படித்தேன். கிட்டார் வாசிக்கிற பையன் விலகிவிட்டான். ரெக்கார்டு வெளியிடும் லேபிள்காரர்கள் இந்த முறையும் கையை விரித்துவிட்டார்கள். அதனால் கடன் வாங்கி, பெரிய ஸ்டூடியோ ஒன்றைப் பிடித்து, கடைசியாக ஒரு ஆல்பம் போட்டுப் பார்ப்பது, அதுவும் எடுபடவில்லை என்றால் பேண்டைக் கலைத்துவிடுவது என்று எழுதியிருக்கிறாய். நீ என்னம்மா சொல்றே என்று கேட்டும் இருக்கிறாய்.

நீ பேண்டைக் கலைத்தாலும் சரி, தலை நரைக்கும்வரை வாசித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கடன் மட்டும் வேண்டாம். இதைப் போனில் சொன்னால் பாதியில் சண்டை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வாசிக்கிற கராஜ் ராக்கைப் பற்றி, அந்தக் கரடுமுரடான, இரைச்சலான ராக்கைப் பற்றி, அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. நீ பள்ளியில் படித்த காலத்தில் உன் அறைக் கதவைத் தாண்டி வந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் பிடித்துப்போய்விட்டது. நீ விட்டுவிட்டுப் போன ரெக்கார்டுகளை இப்போது நான்தான் போட்டுக் கேட்கிறேன். உன் அப்பா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

டெட் மூன் என்ற அமெரிக்க கராஜ் ராக் பேண்டின் கதையை முதலில் எனக்குச் சொன்னது நீதான். அப்போது உனக்கு அதில் பாடி கிட்டார் வாசித்த ஃப்ரெட் கோல்தான் ஹீரோ. நான் அவர் மனைவி டூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை வரவு செலவு எழுதிப் பழகிய என் கண்ணால் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம், வா.

ஃப்ரெட் 1948-இல் பிறந்தவர். பதின்வயதிலேயே லாஸ் வேகாஸில் பாடிப் பதிவு செய்தவர். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த காலம் அது. அதிலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போய்விடலாம் என்று பேண்டோடு கிளம்பியவர், வழியில் பெட்ரோல் தீர்ந்து ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் நின்றுவிட்டார். அங்கே வாசித்த கிளப்பில்தான் டூடியைப் பார்த்தார். 1967-இல் கல்யாணம். அப்புறம் ஒரு மேனேஜர் வந்தார். அவர்களுடைய பேண்டின் பெயரை ‘லாலிபாப் ஷாப்’ என்று மாற்றினார். பையன்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனாலும் 1968-இல் அந்தப் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆல்பம் வெளியானது. நீ இப்போது கடன் வாங்கிப் பிடிக்கப் பார்க்கிற வாய்ப்பு அவருக்கு இருபது வயதுக்குள் வந்து, ஒன்றும் நடக்காமல் போயும் விட்டது.

அதற்குப் பிறகு எத்தனை பேண்டுகள்! ஜிப்பர், கிங் பீ, ரேட்ஸ், வெஸ்டர்ன் ஃப்ரன்ட், ரேஞ்ச் ரேட்ஸ். ஒன்று ஹார்ட் ராக், ஒன்று பங்க், ஒன்று கன்ட்ரி. இதற்கு நடுவில் வடக்கே காட்டுப் பக்கம் போய்க் குடும்பத்தோடு இருந்துவிட்டும் வந்தார்கள். டெட் மூன் தொடங்கியது 1987-இல். ஃப்ரெட் அப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். உனக்கு அந்த வயது வர இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்பதைச் சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

டூடி பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தது ரேட்ஸ் பேண்டுக்காக, முப்பது வயதையொட்டி. அப்போது அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கணவர் கேட்டார், கற்றுக்கொண்டார், மேடை ஏறினார். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. ஃப்ரெட்டின் குரல் உச்சத்தில் கிறீச்சிட்டுப் பிளக்கும்போது, கீழே அசையாமல் நின்று தாங்குவது அந்த பேஸ்தான். பிரமாதமான விரல் வித்தை எதுவும் இருக்காது, பாட்டுக்குத் தேவையான சுரம் மட்டும் இருக்கும். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்போ நீயும் கத்துக்கோயேன்” என்றார். கிண்டல்தான், ஆனாலும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு இசைக்கருவிக் கடை ஒன்று இருந்தது. கடை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, அதனால் பாட்டுக்கு வயிற்றைப் பார்க்கும் வேலை இல்லை. டூம்ஸ்டோன் என்று சொந்த லேபிள் வைத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியம் அந்த லேத். 1954-இல் செய்த, ரெக்கார்டு வெட்டும் இயந்திரம். கிங்ஸ்மென் பேண்டின் ‘லூயி லூயி’ பாட்டை வெட்டிய அதே இயந்திரம் என்று சொல்வார்கள். ஃப்ரெட் தன் மாஸ்டர் தட்டுகளைத் தானே அதில் வெட்டினார். ஊசி நேராக அரக்குத் தட்டில் பள்ளம் கீறும், அந்தத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து ஆலையில் ரெக்கார்டு அழுத்துவார்கள். எல்லாம் மோனோ. மோனோவில் இடது வலது பிரிப்பு கிடையாது. மூன்று பேர் ஒரே அறையில் நின்று வாசித்தால் அதுதான் பாட்டு. நாள்கணக்கில் உட்கார்ந்து மிக்ஸ் செய்ய அங்கே என்ன இருக்கிறது?

நீ சொல்கிற ஸ்டூடியோவில் பணம் எங்கே போகும் என்று யோசித்துப் பார். டிரம்ஸுக்கு மட்டும் வரிசையாக மைக் வைப்பார்கள். அதைச் சரிசெய்யவே ஒரு பகல் போய்விடும். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் டகோமா நகரத்து சோனிக்ஸ் பேண்ட்காரர்கள் 1960-களில் டிரம்ஸுக்கு ஒரே மைக் வைத்துப் பதிவு செய்தவர்கள். சத்தம் இன்னும் மோதட்டும் என்று ஸ்டூடியோ சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பைப் பிய்த்துப் போட்டதாகவும் ஒரு கதை உண்டு. அந்த இரைச்சல்தானே இந்த இசைக்கே அழகு! அதைத் துடைத்துப் பளபளப்பாக்கக் கடன் வாங்குவது எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் முன்பு வெளியிட்ட ஈபி-யைவிட, அந்தக் குட்டி ஆல்பத்தைவிட, பிராக்டிஸ் அறையில் போனிலேயே பதிந்து அனுப்பினாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈபி-யில் உன் குரலைக் கழுவி இஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள்.

வருமானம் எங்கிருந்து வந்தது என்றும் பார். டெட் மூனைச் சொந்த நாட்டில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கேட்க ஆள் இருந்தது ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும். அங்கே ரெக்கார்டு போட்டுக் கொடுத்ததும் ஒரு ஜெர்மன் லேபிள். அந்தப் பக்கத்துச் சிறு கிளப்புகள் பலவற்றில் வாசிக்க வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் உண்டு. மூன்று பேர், ஒரு வேன், டிரம்ஸ் மேல் விஸ்கி பாட்டிலில் செருகிய ஒரு மெழுகுவர்த்தி. செலவு அவ்வளவுதான், அதனால்தான் திரும்பத் திரும்பப் போக முடிந்தது. நீங்கள் நான்கு பேர், லைட்டுக்குத் தனி ஆள், சட்டை அச்சடிக்க முன்பணம். போன டூரில் கையைக் கடித்தது எது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தாயா?

ஃப்ளெஷ்டோன்ஸ் பேண்டை உனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, எனக்குத் தெரியும். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1976-இல் தொடங்கியவர்கள். முதல் ஆல்பத்தை 1978-இல் பதிவு செய்து முடித்தார்கள், அது தூங்கி எழுந்து 1982-இல் வெறும் கேசட்டாக வெளிவந்தது. நான்கு வருஷம்! 2001-ஐ ஒட்டி ஸ்ட்ரோக்ஸ், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஹைவ்ஸ் என்று உலகமே கராஜ் ராக் பக்கம் திரும்பிய நேரத்திலும் ஃப்ளெஷ்டோன்ஸுக்குப் பெரிய ஹிட் எதுவும் அமையவில்லை. அதற்காகக் கலைந்துவிடவில்லை, அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பேண்டைக் கலைப்பதற்குக் கடைசி ஆல்பம் என்று ஒரு சடங்கு எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை. சோனிக்ஸ் 1960-களின் முடிவில் சத்தமில்லாமல் பிரிந்தார்கள். ஒருவர் சாலைக்குத் தார் போடும் தொழில் நடத்தினார், ஒருவர் இன்ஷூரன்ஸ், சாக்ஸபோன்காரர் விமானம் ஓட்டப் போனார். 2007-இல் நியூயார்க்கில் மறுபடியும் மேடை ஏறினார்கள். 2015-இல் புது ஆல்பமே போட்டார்கள், அதுவும் மோனோவில். நிறுத்த வேண்டுமா, நிறுத்து. வேனும் ராத்திரிப் பயணமும் சலித்துவிட்டதா, பாட்டு எழுதுவதே சலித்துவிட்டதா என்பதை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள். உன் மெயிலில் நான்கு பத்தி வேனைப் பற்றி இருந்தது. பாட்டு சலித்துவிட்டது என்று ஒரு வரிகூட இல்லை.

விலகிப்போன கிட்டார் பையன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். கோபத்தில் போயிருக்கிறான், நீயும் கோபத்தில் இருக்கிறாய், காகிதத்தில் எதுவும் இல்லை. கிங்ஸ்மென் கதையைக் கேள். 1963-இல் ‘லூயி லூயி’யைப் பதிவு செய்தார்கள். பாடியவர் ஜாக் எலி. அது பெரிதாக ஓடும் முன்பே டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன், “இனி நான்தான் பாடுவேன், நீ டிரம்ஸுக்குப் போ” என்றார். பேண்டின் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தது அவரும் அவருடைய அம்மாவும். ஜாக் எலி வெளியேறினார், அவர் குரலில் இருந்த பாட்டு அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அந்த அம்மாவின் முன்யோசனையைப் பார்த்து எனக்கு மரியாதையும் வருகிறது, அந்தப் பாடகரை நினைத்தால் வயிறும் எரிகிறது. வரிகளில் ஆபாசம் இருக்கிறதா என்று எஃப்.பி.ஐ. வேறு விசாரித்து, ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்று கோப்பை மூடியது. அது கிடக்கட்டும். அந்தப் பதிவுகளுக்கு ஒப்பந்தப்படி வரவேண்டிய 9 சதவீதம் பேண்டுக்கு வரவே இல்லை. 1993-இல் வழக்குப் போட்டார்கள், பதிவுகளின் உரிமை கைக்கு வந்து வழக்கு ஓய்ந்தது 1998-இல். முப்பது சொச்ச வருஷம் கழித்து!

அதனால், கண்ணு, கிளம்பிப் போனவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு. எந்தப் பாட்டை யார் எழுதினார்கள், யாருக்கு எத்தனை சதவீதம், பழைய பதிவுகள் விற்றால் அவனுக்கு என்ன, பேண்டின் பெயர் யாருடையது. நான்கையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டை எழுதியதற்கான உரிமை வேறு, பதிவுக்கான உரிமை வேறு, இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடாதே. ‘ஆறு ஜன்னல்’ பாட்டில் அந்த கிட்டார் துண்டு அவனுடையது என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். இப்போது கோபத்தில் அதை மறக்கக் கூடாது.

புது ஆளைத் தேட அவசரப்பட வேண்டாம். மூன்று பேராகவே கொஞ்ச நாள் வாசித்துப் பாருங்கள். பிராக்டிஸ் அறையிலேயே நல்ல மைக் இரண்டு வைத்துப் பதிவு செய்யுங்கள். மைக்குக்கான பணத்தை நான் தருகிறேன், அதைத் திருப்பித் தர வேண்டாம். ஸ்டூடியோவுக்குத் தர மாட்டேன், அப்பாவைத் தனியாகக் கேட்டாலும் கிடைக்காது, பேசிவிட்டேன்.

டெட் மூன் 2006-இல் நின்றது. அடுத்த வருஷமே ஃப்ரெட்டும் டூடியும் பியர்ஸ்ட் ஆரோஸ் என்று வேறு பேண்டோடு வந்துவிட்டார்கள். 2014-இல் டெட் மூனாகவே மறுபடி கூடினார்கள். டிரம்ஸ் வாசித்த ஆண்ட்ரூ லூமிஸ் 2016-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஃப்ரெட்டும் போய்விட்டார். ஐம்பது வருஷக் கல்யாணம், அதில் பெரும்பகுதி ஒரே மேடையில். இதை நினைத்து எனக்கு வருத்தம் வரவில்லை, கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

கடைசி நாட்களில் ஃப்ரெட்டுக்குக் காது ரொம்பவே போய்விட்டிருந்தது. 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. நீங்கள் ஒரு ராத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாசிக்கிறீர்கள், பிராக்டிஸ் தனி. பஞ்சைத் திணித்துக்கொள்ளாதே, இசைக்காரர்களுக்கென்றே எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பான் இருக்கிறது. டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணுக்கும் சேர்த்து வாங்கு. வாங்கியதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, “வாங்கிட்டேன்மா” என்று நீ எழுதினால் நம்ப மாட்டேன்.

அன்புடன்,
அம்மா