தோற்ற பிறகு விளையாட்டு என்ன செய்கிறது?

அன்புள்ள கயல்,

வீட்டில் எல்லாரும் நலம். அம்மா சாம்பார்ப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, இல்லாவிட்டால் என்னைத்தான் போட்டு அரிப்பாள்.

நீ விட்டுப்போன கணினியில் இருக்கும் விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். விளையாட்டு செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்கும் மகளுக்கு, ஓய்வுபெற்ற டிரைலர் ஓட்டுநரின் கருத்து எதற்கு ஆகும் என்று தெரியவில்லை. கேட்டாய், எழுதுகிறேன்.

ஜெயிக்கும்போது எல்லா விளையாட்டும் முதுகில் தட்டிக்கொடுக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தோற்றவனை அது எப்படி நடத்துகிறது என்று பார்த்தால்தான் செய்தவர்களின் குணம் தெரிகிறது. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

முதலில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். சாலை, மழை, இரவில் எதிரே வரும் விளக்கு எல்லாம் அருமை. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் திண்டாடிவிட்டு, இங்கிலாந்தின் டோவரில் இறங்கியதும் நம் ஊர்போல இடப்பக்கம் வந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ரிவர்ஸ் எடுப்பதையும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். பின்னால் இழுத்துவரும் சரக்குப் பெட்டியின் பின்பக்கம் வலது பக்கம் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். பெட்டி திரும்பத் தொடங்கியதும் மறுபக்கம் ஒடித்து அதன் பின்னாலேயே போகவேண்டும். கொஞ்சம் அசந்தால் தலைவண்டி பெட்டியோடு மடங்கிக்கொள்ளும். இது அத்தனையும் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியிலிருந்து கேமரா காட்டுகிறது. அதுவும் சரிப்படவில்லையா, பார்க்கிங்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வண்டி தானாகப் போய் நின்றுவிடும், அனுபவப் புள்ளி மட்டும் கிடைக்காது. எதிலாவது இடித்தால் பழுதுபார்க்கும் செலவைக் கழித்துக்கொள்கிறார்கள், அதோடு விஷயம் முடிந்தது. ஓட்டும் சுகத்துக்கு நல்ல விளையாட்டு. ஓட்டுநரின் பயம் அதில் இல்லை.

பேப்பர்ஸ் ப்ளீஸ் அதற்கு நேர்மாறு. படமும் சுமார், சத்தமும் சுமார். நம் சிங்கப்பூர் எல்லையில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் கடவுச்சீட்டை நீட்டியே பாதி ஆயுளைக் கழித்தவனை, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டது. லூகஸ் போப் 2013-இல் வெளியிட்டது. அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு, அதன் எல்லையில் நீ அதிகாரி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் வெட்டு. வேலை முடிந்ததும் சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, மருந்து என்று பட்டியல் வரும். காசு போதாவிட்டால் எதை விடுவது என்று நீதான் முடிவு செய்யவேண்டும். ஒரு கணவன் எல்லாத் தாளோடும் வந்தான். பின்னால் வந்த மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. நான் விட்டேன். விட்டது தவறு என்று உடனே சீட்டு வந்து விழுந்தது. நாம் தோற்றால் அடி வீட்டில் இருப்பவர்கள்மேல் விழுகிறது. பொழுதுபோக்கு என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் திரும்பத் திரும்ப அங்கேதான் போய் உட்காருகிறேன்.

டெட்ரிஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1984-இல் மாஸ்கோவில் பஜித்னோவ் உருவாக்கியது. கட்டைகள் வேகமாகிக்கொண்டே போகும், கடைசியில் நாம்தான் தோற்போம் என்று தெரிந்தே உட்காருகிறோம். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கப் பையன் ஒருவன் பழைய நின்டெண்டோ டெட்ரிஸை அது உறைந்து நின்றுபோகும் அளவுக்கு ஆடியிருக்கிறான். அம்மாவிடம் சொன்னேன், "படிக்கிற பிள்ளையா?" என்று கேட்டாள்.

மாஸ் எஃபெக்ட், என்ன பேசுவது என்று நாமே தேர்ந்தெடுத்துப் போகும் விண்வெளிக் கதை. 2007-இல் இங்கே சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டு, உடனேயே 18 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்கிற எம்18 முத்திரையோடு திரும்பி வந்த விளையாட்டு என்பதால் ஆசையாகத் திறந்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வகை விளையாட்டு எல்லாவற்றிலும் ஒரே குறை. தவறாகப் பேசிவிட்டால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி பேசிக்கொள்ளலாம். பிறகு என்ன பெரிய முடிவு? எல்டன் ரிங் அந்த விஷயத்தில் கறார். எதிரிகளோடு சண்டை போடும் விளையாட்டு அது. செத்தால், அதுவரை சேர்த்த ரூன்கள், அதாவது அந்த விளையாட்டின் காசு, செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுத்துக்கொள்ளலாம், எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான். என் விரல்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஆனாலும் நியாயமான ஆள் அது. ஏமாற்றவில்லை.

ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் மோதும் டோட்டா 2 விஷயத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு நீ கத்தியதற்கு நான் திட்டியது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். 2022 அக்டோபரில் இன்டோர் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாயே, டுன்ட்ரா அணி சீக்ரெட்டை 3-0 என்று அடித்தது. ஒன்றும் புரியாவிட்டாலும் கூட்டத்தோடு நானும் எழுந்து நின்றேன். ஐந்து பேரும் ஒருவரையொருவர் நம்பி ஆடும்போது அது பெரிய விளையாட்டு. வீட்டில் ஆடும்போது அந்த ஐந்து பேரும் முன்பின் தெரியாதவர்கள். தோற்றதும் நால்வர் சேர்ந்து ஒருவனைத் திட்டுகிறார்கள். நடுவில் எழுந்து போனால் தண்டனை. அடுப்பில் பால் பொங்கினாலும் அணைக்கப் போக முடியாத விளையாட்டு குடும்பஸ்தனுக்கு ஆகாது.

இனி கென்ஷின் இம்பாக்ட். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இதில்தான், அதுவும் அது அழகாக இருப்பதால். மலையும் இசையும் அப்படி இருக்கின்றன. ஆனால் புதிய கதாபாத்திரங்களைக் குலுக்கல் போட்டுத்தான் எடுக்கவேண்டும். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90 தடவைக்குள் ஒன்று நிச்சயம் விழும், ஆனால் விழுவது நீ ஆசைப்பட்டதுதானா என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. உன் அத்தை மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம்தான் மாமா, வந்துடும்" என்று மேலும் குலுக்கக் காசு, அதாவது டாப்-அப், கேட்டான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். காப்பிக் கடையில் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்களிடம் கேட்ட குரல்தான். அவன் வயதுப் பிள்ளைக்கு நாலு நம்பர் விற்கமாட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் இதன் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 20 மில்லியன் டாலர் கட்டவைத்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்தக் குலுக்கலை விற்கவும் கூடாது. இங்கே தோற்றவனுக்கு ஆறுதலும் இல்லை, பாடமும் இல்லை. காட்டுவது கடையைத்தான்.

கடைசியாக ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியோடு போரிடும் விளையாட்டு. 1999-இல் வந்தது, இன்னும் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் எந்த இனமாக ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் முன்பு இந்தியர் என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார்களாம். 2022-இல் அதைப் பிரித்து, திராவிடர் என்று தனியாக ஒன்று வந்தது. திரையில் ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான்! ராஜேந்திரன் கதையும் இருக்கிறது. அவன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியது நம் வாசல் வழியாகத்தானே? எனக்கு அது போதும், விலை கொடுத்தது வீண் இல்லை. குறையும் உண்டு. சோழனையும் கன்னடத்துக்காரனையும் தெலுங்கனையும் ஒரே பெயருக்குள் அடைத்தது சோம்பேறித்தனம். கடலில் நாம் கில்லாடி, தரையிலோ நைட் என்கிற குதிரைவீரனே நமக்குக் கிடையாது. எதிரி குதிரையோடு வந்தால் ஓடவேண்டியதுதான். நான் அடிக்கடி ஓடுகிறேன். ஆனால் தோற்ற பிறகு ஒரு வரைபடம் காட்டுகிறது பார், எந்த நேரத்தில் யார் முன்னே போனார்கள், எங்கே நாம் பின்தங்கினோம் என்று. நான் படையைக் கவனித்துக்கொண்டு விவசாயிகளைப் பெருக்காமல் விட்ட இடம் அதில் பளிச்சென்று தெரிந்தது. திட்டவில்லை, எதையும் விற்கவில்லை. சரி, இன்னொரு ஆட்டம் என்று நானே ஆரம்பித்தேன்.

அடுத்து, பேரரசை வளர்க்கும் சிவிலைசேஷன் 7 வாங்கலாமா என்று சொல். அதிலும் சோழர் இருக்கிறார்கள், ஆனால் அது வெளிவந்தபோது, யுகம் மாறினால் நாடே மாறிவிடுகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். தள்ளுபடி வரும்வரை நான் காத்திருப்பேன்.

உன் கம்பெனி செய்யும் விளையாட்டு எந்த வகை என்று நீ இன்னும் சொல்லவில்லை. அதில் ஒருவன் தோற்றால் திரையில் முதலில் என்ன வருகிறது? அதை எழுது.

அன்புடன்,
அப்பா