ஏழாவது இதழ் இல்லாத ‘முழு செட்’: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பன்னிரண்டு இதழ்கள் கொண்ட முழு செட் என்று விற்றதில் ஏழாவது இதழ் இல்லாமை, கேட்டபோது அதற்குப் பதிலாக மறுபதிப்பை அனுப்பியமை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகமான டிசி வெளியிட்ட, மார்வ் வூல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொடரின் பன்னிரண்டு இதழ்களையும் சென்ற மாதம் தங்களிடம் வாங்கினேன். முதல் இதழின் அட்டையில் 1985 ஏப்ரல் என்றும் கடைசி இதழின் அட்டையில் 1986 மார்ச் என்றும் அச்சிட்டிருக்கும் மூலப் பதிப்பைத்தான் கேட்டிருந்தேன். தங்கள் விற்பனைப் பட்டியலிலும் ‘முதல் அச்சு, முழு செட், நியர் மின்ட்’ (அதாவது ஏறத்தாழப் புதிது போன்ற நிலை) என்றே எழுதியிருந்தது. இந்த மூன்று சொற்களை நம்பித்தான், உதிரியாக ஒவ்வோர் இதழாகத் தேடிச் சேர்ப்பதைவிடக் கூடுதலாக ஆகும் என்று தெரிந்தும் மொத்தமாகப் பணம் கட்டினேன்.

பார்சலைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு இருந்தன. எண்ணிக்கை சரியாக இருந்ததால் அன்றைக்கு வேறு எதையும் ஐயப்படவில்லை. மறுநாள் வரிசைப்படுத்தி அடுக்கும்போதுதான் ஆறுக்கு அடுத்து எட்டு வந்தது, அதற்கு அடுத்தும் எட்டே வந்தது. ஏழு எங்குமில்லை. அட்டைப் பெட்டியையும் உள்ளே திணித்திருந்த காகிதங்களையும் இரண்டு முறை உதறிப் பார்த்த பிறகே தங்களுக்கு எழுதினேன்.

இந்தத் தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. எட்டாவது இதழின் இரண்டு பிரதிகளில் ஒன்று பத்திரிகைக் கடைகளுக்காக அச்சானது. அதன் அட்டையில் பார்கோடு இருக்கிறது. மற்றொன்று காமிக்ஸ் கடைகளுக்கு நேரடியாகச் சென்றது; அதே இடத்தில் பார்கோடு இல்லை. அட்டையின் மூலை வேறுபட்டதைக் கண்ட யாரோ, இவை வெவ்வேறு இதழ்கள் என்று எண்ணிக் கட்டியிருக்கலாம். மனிதர் செய்யும் பிழைதான். அத்துடன் விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு நீளமான கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

ஆனால் என் முதல் புகாருக்குத் தங்கள் பிரிவிலிருந்து வந்த பதிலைப் படித்தபோது, சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ‘இது மாற்றுப் பிரபஞ்சக் கதை என்பதால், நிகழ்வுகள் முன்பின்னாக இருப்பதும் ஒரே பாத்திரம் இருமுறை தோன்றுவதும் இயல்பு; ஓர் இதழ் குறைவதால் வாசிப்பு பாதிக்கப்படாது’ என்று அதில் எழுதியிருந்தது. இந்தக் கதைகளில் வரும் இணை உலகங்களுக்கு எர்த்-1, எர்த்-2 என்று பெயர்; எனக்கு வந்தவை எர்த்-1இன் எட்டாம் இதழும் எர்த்-2இன் எட்டாம் இதழும் என்று சொல்லாமல் விட்டது ஒன்றுதான் குறை.

காமிக்ஸ் விற்கும் நிறுவனத்திடமிருந்து இப்படி ஒரு விளக்கம் வரக்கூடாது. மாற்றுப் பிரபஞ்சம் என்றால் எதுவும் எப்படியும் நடக்கலாம் என்று இவற்றைப் படிக்காதவர்கள் நினைக்கிறார்கள். படிப்பவர்களுக்கோ சாதாரணக் கதைகளைவிட இவற்றில்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும் என்பது தெரியும், ஏனெனில் எந்த உலகில் யார் உயிருடன் இருக்கிறார், யார் யாரைச் சந்தித்திருக்கிறார் என்ற கணக்கு ஓரிடத்தில் தவறினால் அதன் பிறகு நடக்கும் எதற்கும் பொருள் இருக்காது. 1961 செப்டம்பர் என்று அட்டையில் தேதியிட்ட ‘தி ஃபிளாஷ்’ 123ஆம் இதழில், கார்ட்னர் ஃபாக்ஸின் எழுத்திலும் கார்மைன் இன்ஃபான்டினோவின் ஓவியத்திலும், ஃபிளாஷ் என்ற அதிவேக ஓட்ட நாயகனான பாரி ஆலன் முதன்முறையாக இன்னோர் உலகத்துக்குப் போய் ஜே காரிக் என்ற மூத்த ஃபிளாஷைச் சந்திக்கிறார். தன் உலகில் வெறும் காமிக்ஸ் பாத்திரமாகத் தான் படித்து ரசித்த ஒருவரை நேரில் பார்க்கிறார் என்பதே அந்தக் கதையின் சுவை. (சேகரிப்பாளர்களுக்கு அந்தக் கதைமீது தனிப் பாசம் இருப்பதற்கு, அதன் கதாநாயகனும் நம்மைப் போலப் பழைய காமிக்ஸ் வாசகன்தான் என்பதும் ஒரு காரணம்.) அந்த ஒரு சந்திப்பில் தொடங்கிய கணக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக வளர்ந்து சிக்கலானபோது, அதைத் தீர்த்து எல்லா உலகங்களையும் ஒன்றாக்குவதற்காக எழுதப்பட்டதுதான் நான் தங்களிடம் வாங்கிய தொடர். வரிசைக்காகவே எழுதப்பட்ட கதையில் வரிசை முக்கியமில்லை என்று சொல்கிறீர்கள்.

அதிலும், விடுபட்டது ஏழாவது இதழ். குரோனா என்ற விஞ்ஞானி பிரபஞ்சத்தின் தொடக்கத்தைக் கண்ணால் காண முயன்றதையும், அதன் விளைவாக ஒரே பிரபஞ்சம் பலவாகப் பிரிந்ததையும் விளக்கும் இதழ் அதுவே. சூப்பர்கேர்ள் உயிர்விடுவதும் அதில்தான். அவருடைய உடலைக் கைகளில் ஏந்தி சூப்பர்மேன் அழும் அந்த அட்டைப்படம், தொடரைப் படிக்காதவர்களுக்கும்கூடப் பழக்கமான ஒன்று. அதைப் பார்த்துத்தான் நானே இந்தத் தொடரைத் தேடத் தொடங்கினேன். தொடரின் பெரும்பாலான இதழ்களைவிடப் பருமனாக வந்த இதழ் அது என்பதால், செட்டைக் கையில் எடுத்தவருக்கு அது இல்லாதது தொட்டவுடனேயே தெரிந்திருக்க வேண்டும். ஆறாவதை முடித்துவிட்டு நேரே எட்டாவதைத் திறந்தால், ஒரு மரணத்தின் துயரம் ஆறுவதற்குள் அடுத்த மரணம் வருகிறது என்ற பாரமே வாசகருக்கு எட்டாது. எட்டில் பாரி ஆலன் ஓடி ஓடித் தன்னையே இழந்து, உடையும் மோதிரமும் மட்டும் மிஞ்சும் இடம் வருகிறது. என்னிடம் அந்தக் காட்சி இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அதற்கு முந்தியது ஒன்றுகூட இல்லை.

இதை ஓரளவு விளக்கி இரண்டாவது முறை எழுதிய பிறகு, ஒரு வாரம் கழித்து ஏழாவது இதழ் என்று ஓர் உறை வந்தது. திறந்ததுமே ஏமாற்றம்தான். விளிம்பில் சிறு பழுப்பும் இல்லாத வெள்ளைத் தாள். புதுக் காகிதத்தின் வாடை. உள்ளே பொடியெழுத்தில் இருக்கும் வெளியீட்டு விவரத்தில் அது மறுபதிப்பு என்று பதிப்பாளரே நேர்மையாக அச்சிட்டிருக்கிறார். அதை மறைத்து அனுப்பியது தாங்கள்தான். ‘உள்ளடக்கம் ஒன்றே’ என்று உறையில் ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தீர்கள். மறுபதிப்புகளை நான் குறைவாக மதிப்பவன் அல்லேன். படிப்பதற்கு அவற்றையே எடுக்கிறேன், பழைய இதழ்களை அடிக்கடி புரட்டி முதுகை உடைக்க எனக்கு மனம் வராது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் அச்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அண்மையில் அச்சானதைக் கொடுப்பது விற்பனையில் செய்யும் ஏமாற்று. உள்ளடக்கம் ஒன்றே என்பது தங்கள் உண்மையான கருத்தாக இருந்தால், தங்கள் பட்டியலில் முதல் அச்சுக்கும் மறுபதிப்புக்கும் வெவ்வேறு விலை எதற்காக இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

இதழ்களின் நிலை குறித்தும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, ஐந்தாவது இதழ்களின் முதுகில், பின் அடித்த இடத்தையொட்டி நிறம் உதிர்ந்த மடிப்புக் கோடுகள் இருக்கின்றன. இவற்றை ‘நியர் மின்ட்’ என்று எந்தச் சேகரிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாவது இதழை உறையிலிருந்து எடுக்கும்போது, உறையின் மடலில் ஒட்டியிருந்த டேப் அட்டையில் பட்டு மேல் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மசியைப் பிய்த்துக்கொண்டது. டேப்பை உறையின் பின்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. என் அவசரமும் அதில் சிறிது உண்டு என்பதால் இந்த ஒன்றுக்கு நான் இழப்பீடு கேட்கவில்லை.

தங்கள் கடைசிப் பதிலில், பணம் திரும்ப வேண்டுமானால் பன்னிரண்டு இதழ்களையும் என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதற்கு நான் உடன்படவில்லை. தவறு தங்களுடையது, சரியாக வந்த இதழ்களை மீண்டும் ஒருமுறை அஞ்சல் பயணத்துக்கு உட்படுத்தி அவற்றின் மூலைகளை மடங்க வைக்க நான் தயாராக இல்லை. எனவே நான் கேட்பது பின்வருமாறு: 1985 அக்டோபர் என்று அட்டையில் தேதியிட்ட ஏழாவது இதழின் முதல் அச்சுப் பிரதியை, தாங்கள் உறுதியளித்த நிலையில், அனுப்புவதற்கு முன் அட்டையையும் வெளியீட்டு விவரம் உள்ள பக்கத்தையும் படமெடுத்துக் காட்டி, இரு பக்கமும் கெட்டி அட்டை வைத்து அனுப்ப வேண்டும். பிரதி தங்களிடம் இல்லையென்றால் அதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். அந்நிலையில், செட் என்பதற்காக நான் கூடுதலாகக் கொடுத்த தொகையையும் ஏழாவது இதழின் விலையையும் திருப்பித் தர வேண்டும், ஏனெனில் ஓர் இதழ் குறைந்த பிறகு என்னிடம் இருப்பவை பதினோரு உதிரி இதழ்கள் மட்டுமே. மடிப்புக் கோடு விழுந்த இரண்டு இதழ்களுக்கும் அவற்றின் உண்மையான நிலைக்கு உரிய விலைபோக மீதியைத் தர வேண்டும். மிகையாக வந்த எட்டாவது இதழையும் மறுபதிப்பையும் திருப்பித் தர நான் தயார். அஞ்சல் செலவைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. பதிலை இந்தத் தொடரை ஒருமுறையாவது படித்திருக்கும் ஊழியர் ஒருவரிடம் எழுதச் சொன்னால் இருவருக்கும் நேரம் மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: எட்டாவது இதழின் இரு பிரதிகள், மறுபதிப்பின் வெளியீட்டு விவரம், இரண்டாவது மற்றும் ஐந்தாவது இதழ்களின் முதுகு ஆகியவற்றின் புகைப்படங்கள், தங்கள் துண்டுச் சீட்டின் நகல்.

பின்குறிப்பு: இக்கடிதத்தை முடிக்கும் முன் தங்கள் பட்டியலை மீண்டும் பார்த்தேன். அதே தொடர், அதே ‘முழு செட்’ என்ற விவரத்துடன் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதில் ஏழாவது இதழ் இருக்கிறதா என்று யாரையாவது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவேளை அங்கே இரண்டு இருக்கலாம்.