0.85ஆல் வகுத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாகனப் பக்கத்தில் டைனோ சோதனை (பெரும்பாலும் காரின் சக்கரங்களை ரோலர் மேல் ஓடவிட்டுத் திறனை அளப்பது) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'சக்கரத்தில் வந்த குதிரைத்திறனை 0.85ஆல் வகுத்தால் எஞ்சின் திறன் கிடைத்துவிடும்' என்ற வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டைனோ ஓட்டிப் பிழைப்பவன் நான். இந்தக் கணக்கை நம்பி வருகிறவர்களிடம் மல்லுக்கட்டுவதே பாதி வேலையாக இருக்கிறது.

சக்கரத்தில் 170 ஹெச்பி (குதிரைத்திறன்) காட்டும் கார் ஒன்று. 0.85ஆல் வகுத்தால் எஞ்சினில் 200, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வரும் வழியில் போனது 30. சரி. அதே காரில் பெரிய டர்போ போட்டுச் சக்கரத்தில் 340 வரவைத்தால்? இந்தச் சூத்திரப்படி எஞ்சினில் 400, இழப்பு 60. கியர்பாக்ஸ் அதே, ஆயில் அதே, டிஃபரன்ஷியலும் டயரும் அதே. இழப்பு மட்டும் எப்படி இரட்டிப்பானது? போன திறன் வெப்பமாகத்தானே வெளியே வர வேண்டும்! 60 ஹெச்பி என்பது கிட்டத்தட்ட 45 கிலோவாட். ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் 45-ஐ காருக்கு அடியில் மூட்டிவிட்ட மாதிரி.

பற்சக்கரங்கள் உரசுவதால் வரும் இழப்பு சுமையோடு ஏறும், மறுக்கவில்லை. ஆனால் ஆயிலைக் கலக்குவதற்கும் பேரிங், சீல் இழுவைக்கும் போவது பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்தது. எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்று அவை பார்ப்பதில்லை. ஆகவே எல்லாக் காருக்கும் ஒரே சதவீதம் ஒத்துவராது.

டயர் இன்னொரு தலைவலி. காரைக் கட்டும் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் டயர் ரோலரில் அதிகமாக அமுங்கும், ரீடிங் இறங்கும். காற்று குறைந்தாலும் அப்படித்தான். கனமான சக்கரம் மாட்டினால், அதைச் சுழற்றி வேகமேற்றவே கொஞ்சம் திறன் போகும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் ஹப்பில் நேராக மாட்டும் டைனோவில் டயர் தொல்லை இல்லை.

ஓட்டம் முடிந்ததும் கிளட்சை மிதித்து, ரோலர் தானாக வேகம் குறைவதை அளந்து இழப்பைக் கணிக்கும் டைனோக்களும் உண்டு. 0.85ஐவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அப்போது கியரில் சுமை இல்லை. சுமையில் வரும் உரசல் அந்தக் கணக்கில் விழாது. எஞ்சினில் எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டுமா? கழற்றி எஞ்சின் டைனோவில் ஏற்ற வேண்டியதுதான். அதற்கு யார் தயார்?

ஒரு வேண்டுகோள். இனி டைனோ எண்ணை அச்சிடும்போது சக்கரத்தில் வந்ததை அப்படியே போடுங்கள். எந்த கியரில் ஓட்டினார்கள், அன்றைய காற்றின் வெப்பநிலை, அழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்தது எந்தத் திருத்த முறை என்பதையும் சேருங்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸையும், டிஐஎன் 70020 முறை 20 டிகிரியையும் அடிப்படையாக வைத்தவை. ஒரே ஓட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு எண் காட்டும். டியூனிங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே டைனோவில், ஒரே டயரில் எடுத்தவைதானா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டைனோ ஆபரேட்டர் ஒருவர்