கைதட்டாத கூட்டத்துக்குப் போ

கண்ணு,

மோட்டார் சரியாகிவிட்டது, தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது. அப்பா மாத்திரை போடுகிறார். நீ போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அந்தப் பேச்சுப் போட்டியைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

டோஸ்ட்மாஸ்டர்ஸில், அந்தப் பேச்சுப் பயிற்சி மன்றத்தில், நீ வாங்கின கோப்பைகளை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் அங்கே கேட்பவர்களும் பேச வந்தவர்கள்தானே? ஐந்தாம் நிமிடம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு, முடித்தால் கைதட்டல். வெளிக்கூட்டத்தில் விளக்கு கிடையாது. ஆள் எழுந்து போவான், அவ்வளவுதான்.

இங்கே குடும்பஸ்ரீ (கேரளப் பெண்கள் சுய உதவித் திட்டம்) அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குழு என்றால் பத்திலிருந்து இருபது பெண்கள். மைக்கும் இல்லை, மேடையும் இல்லை. அப்படி ஒரு இடத்தில் பேசிப் பார். அரைமணி முன்னாலேயே போ. என்ன வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரி. கருத்தையும் வரிசையையும் தொடாதே, உதாரணங்களை மட்டும் அவர்களுக்கு ஏற்ப மாற்று. எடுத்தவுடன் ஜோக் வேண்டாம். தெரிந்தவர்கள் உன் முகத்துக்காகச் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் சிரிக்கவில்லை என்றால் நீ வேகம் பிடிப்பாய், வேகம் பிடித்தால் வாக்கியத்தின் கடைசியை விழுங்குவாய். 'செய்தார்கள்', 'செய்யவில்லை' எல்லாம் தமிழில் கடைசியில்தானே வருகிறது? பின்வரிசைக்கு அர்த்தமே தலைகீழாகிவிடும். கடைசிச் சொல்லில் குரலை இறக்காதே, சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்து.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மைக் இருந்தால் வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடி. அதன் தலையைக் கையால் மூடாதே, ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே போய் நிற்காதே, இரண்டுக்கும் கீச்சிடும். போனை நடு வரிசையில் வைத்துப் பதிவு செய். வீட்டுக்கு வந்து உன் குரலை விட்டுவிட்டு கூட்டத்தின் சத்தத்தைக் கேள். இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும் எங்கே வருகிறதோ அங்கே பேச்சு நீளம். அதே பேச்சை அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தில் பேசு. அங்கும் அரைமணி முன்னாலேயே போக வேண்டும், ஆமாம், திரும்பச் சொல்கிறேன்.

ஜூன் 19 கேரளாவில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவு நாள், வாயனா தினம், அதாவது வாசிப்பு தினம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு வாசகசாலையில் பேச ஆள் தேடுகிறார்கள். கேட்பவர்களில் பாதி தமிழ், பாதி மலையாளம். உன்னைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் நானும் வரவில்லை, பேசி முடித்து வீட்டுக்கு வந்தால் போதும். பேர் கொடுக்கட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல், மெசேஜ் போட்டாலும் சரி.

அம்மா