288 டிகிரி கேம் போட்டுப் பார்த்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார வாகன இணைப்பில் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கேம்ஷாஃப்ட் (இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) மாற்றுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் யாரோ எழுத முன்வந்ததே சந்தோஷம்தான். ஆனால் டியூரேஷன், அதாவது கேம் வால்வைத் திறந்து வைத்திருக்கும் அளவு, கூடக் கூடப் பவரும் கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதே பேச்சை நம்பித்தான் சில வருடங்களுக்கு முன் 288 டிகிரி கேம் ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன், ஒரு வருடம் முடிவதற்குள் வெறுத்துப்போய்க் கழற்றியும் விட்டேன்.

என்னுடையது இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத இன்ஜின். அதோடு வந்த கேம் 240 டிகிரி. 288 மாட்டியதும் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, வண்டி குலுங்கியது, அந்தத் தடதடப்பு முதல் இரண்டு நாள் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். மூன்றாவது நாள் நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது: இன்ஜின் 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டும்வரை இழுவையே இல்லை, சிக்னலில் சாதாரண குடும்பக் கார்கள் எல்லாம் என்னை விட்டுவிட்டு முன்னால் போகின்றன, பிரேக் பெடலோ அவ்வப்போது கல் மாதிரி இறுகிவிடுகிறது. பிரேக்கில்தான் ஏதோ கோளாறு என்று நான் அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தில். பெரிய கேம் போட்டால் ஐடிலிங்கில் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். இது உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் சார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். டியூரேஷன் என்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு எத்தனை டிகிரி சுற்றும்வரை வால்வு திறந்திருக்கிறது என்பது. 240 டிகிரி என்றால் கிராங்க் மூன்றில் இரண்டு பங்கு சுற்றும் நேரம். 1,000 ஆர்பிஎம்மில் அது 40 மில்லி செகண்ட், 6,000-இல் ஏழு மில்லி செகண்ட்கூட இல்லை. அந்த அவசரத்தில் சிலிண்டர் நிறையக் காற்று வந்து சேராது என்பதால்தான் வால்வை முன்கூட்டித் திறந்து தாமதமாக மூடுகிறார்கள். ஆர்பிஎம் மேலே போகும்போது உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்கு ஒரு வேகம் இருக்கும், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். கீழே, 1,500 ஆர்பிஎம்மில், அந்த வேகம் ஏது? தாமதமாக மூடும் வால்வு வழியாகப் பிஸ்டன் வந்த காற்றையே திருப்பித் தள்ளிவிடும், கம்ப்ரஷன் குறையும், டார்க் என்கிற இழுவிசை போய்விடும். பெரிய கேம் செய்வது, கீழே இருக்கும் இழுவையில் ஒரு பகுதியை எடுத்து மேலே கொண்டுபோய் வைப்பது. நீங்கள் அந்த மேல் ஆர்பிஎம்மில் ஓட்டுகிறவரா என்பதுதான் கேள்வி, நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை.

அப்புறம் ஓவர்லாப். இன்டேக் (காற்று உள்ளே வருவது), எக்ஸாஸ்ட் (புகை வெளியே போவது) இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். இரண்டுக்கும் ஒரே டியூரேஷன் என்றால் அதிலிருந்து லோப் செபரேஷனின் (கேமில் வால்வைத் தள்ளும் புடைப்புதான் லோப்; இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம் இது) இரண்டு மடங்கைக் கழித்தால் ஓவர்லாப் வந்துவிடும். செபரேஷன் 110 என்று வைத்துக்கொண்டால் 288 கேமுக்கு 68 டிகிரி, 264 கேமுக்கு 44. ஐடிலிங்கில் குலுங்குவது இந்த ஓவர்லாப்பால்தான். எரியாத பெட்ரோலும் காற்றும் நேரே எக்ஸாஸ்ட்டில் போய்விடும், ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றச் சொல்லும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை டியூன் செய்யாவிட்டால் புகைச் சோதனையில் வண்டி தேறுவது கஷ்டம். டர்போ வண்டிக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்து அழுத்தம் இன்டேக் பக்கத்தைவிடக் கூடிவிட்டால் எரிந்த புகை திரும்பி உள்ளே வரும். உங்கள் கட்டுரை டர்போவுக்கும் டர்போ இல்லாததற்கும் ஒரே கேமைப் பரிந்துரைத்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டேன்.

கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும் என்கிற ஆசை எல்லாருக்கும் உண்டு. ஹோண்டா 1989-இல் விடெக் கொண்டுவந்தது அதற்காகத்தான்: ஒரே கேம்ஷாஃப்டில் குறைந்த வேகத்துக்கு ஒரு லோப், அதிக வேகத்துக்கு வேறொரு லோப். அந்த 1.6 லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமலே 160 குதிரைசக்தி கொடுத்தது. கேம் டைமிங்கைத் தானே நகர்த்தும் இன்ஜின்களும் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரிய கேம் போடுவதற்கு முன்னால், டைமிங் முழுவதும் முன்னே நகர்ந்த நிலையில் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இடிக்குமா என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, நான் இரண்டாவது முறை அப்படித்தான் பார்த்தேன். பிஸ்டன் தலையில் கொஞ்சம் பொம்மைக் களிமண்ணை ஒட்டி, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றி, களிமண்ணை வெட்டி அது எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 என்பது பொதுவான குறைந்தபட்சம். ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூடினால் பழைய ஸ்பிரிங் சுருள் சுருளோடு முட்டிக்கொள்ளலாம், ஆர்பிஎம் கூடினால் வால்வு கேமோடு ஒட்டாமல் மிதக்கலாம். கட்டுரையில் இதற்கு வெறும் அரை வரி, ஆனால் எந்தப் பெயிண்ட் அடித்த வால்வு கவர் போடலாம் என்பதற்கு ஒரு பத்தி!

கடைசியில் நான் போட்டது 264. ஐடிலிங் சீராக இருக்கிறது, பிரேக் பழையபடி ஆகிவிட்டது, கீழே கொஞ்சம்தான் போயிருக்கிறது, 5,000-க்கு மேல் நன்றாகவே ஓடுகிறது. உச்சத்தில் 288 கொடுத்த பவர் இதில் இல்லை, அதை மறைக்க மாட்டேன். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர், இன்ஜினை எப்போதும் மேலேயே வைத்திருக்கக் கியர் விகிதத்தையும் மாற்றிக்கொள்கிறவர், கம்ப்ரஷனையும் ஏற்றுகிறவர் 288 போட்டால் அவருக்கு அது சரியான கேம்தான்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த அட்டவணையில் ஆறு கேம்களின் டியூரேஷனை வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள், லோப் எவ்வளவு உயரம் தூக்கிய இடத்திலிருந்து அளந்தது என்று போடவில்லை. வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் 274 என்று வரும் கேம், 1.27 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அளந்தால் 230 பக்கம்தான் வரும். இரண்டும் கலந்து கிடக்கும் அட்டவணையைப் பார்த்து ஒருவர் சின்ன கேம் என்று நினைத்துப் பெரியதை வாங்கிவிடுவார். அடுத்த வாரம் அந்த அட்டவணையைத் திருத்திப் போடுங்கள், கூடவே ஒவ்வொரு கேமுக்கும் 2,500 ஆர்பிஎம்மில் டார்க் எவ்வளவு என்று இன்னொரு கட்டமும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை முதலில் பிரிக்கும் வாசகன்