முதுமாணிப் பட்டம் சரி, பயிற்சி மணித்தியாலம் எங்கே?

கிழக்குப் பல்கலைக்கழகத்தினதும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தினதும் மூதவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலை பார்ப்பவள் நான். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உளவளத்துணைக்கு முதுமாணிப் பாடநெறி வரைந்தால், அல்லது இருக்கும் பாடநெறிகளைத் திருத்தினால், ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மேற்பார்வையோடு, தமிழில், நம் ஆட்களோடு உட்கார்ந்து செய்யும் பயிற்சி.

2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி தொடக்கம் காரைதீவு வரை இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சிகள் எத்தனை நடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். நல்லவையும் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சி தந்தவர் அடுத்த கிழமை விமானம் ஏறிவிடுவார். சான்றிதழ் வாங்கியவர், அழுதுகொண்டு வரும் மனிதருக்கு முன்னால் தனியே இருப்பார். இலங்கையில் உளவளத்துணையாளர் என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்குச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் அந்தச் சான்றிதழே பலருக்கு உரிமமாகிவிட்டது.

அமெரிக்காவில் உளவளத்துணைப் பாடநெறிகளுக்கான கேக்ரெப் (CACREP) என்ற தர அங்கீகார அமைப்பு, இத்துறை முதுமாணிக்கு 60 கிரெடிட் கேட்கிறது. அதற்குள் முதலில் 100 மணித்தியாலம் செய்முறை, அப்புறம் 600 மணித்தியாலம் களப்பயிற்சி. அந்த 600இல் குறைந்தது 240 மணித்தியாலம் ஆட்களோடு நேரடியாகச் செய்த வேலையாக இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் பரீட்சை உண்டு. பல மாநிலங்களில் இரண்டாயிரம், மூவாயிரம் மணித்தியாலம் மேற்பார்வையில் வேலை செய்தால்தான் உரிமம் கையில் வரும். இதை அப்படியே இங்கே இறக்கச் சொல்லவில்லை. நம்மிடம் அத்தனை மேற்பார்வையாளர்கள் இல்லை. ஆனால் பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் (SLQF) 9ஆம் மட்டத்தில், 30 கிரெடிட்டில், வார இறுதி விரிவுரைகளோடு முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு வருடமும் 60 கிரெடிட்டும் கொண்ட 10ஆம் மட்டத்திலாவது வையுங்கள்.

ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறேன் என்று கேட்பீர்கள். நுண்கடன் தவணை கட்ட முடியாத ஒரு பெண் வருகிறார் என்று வையுங்கள். கணவர் கட்டாரில். "நித்திரை இல்ல மகள், நெஞ்சு படபடக்குது" என்கிறார். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, "நான் இல்லாட்டியும் அம்மா பாத்துக்குவா" என்று ஒரு வார்த்தை விடுகிறார். "சாக வேணும் எண்டு நினைப்பு வருதா?" என்று நேரே கேட்க வேண்டிய இடம் அது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது பிழையான பயம். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் வாய் வராது. "கவலப்படாதீங்க, எல்லாம் சரியாகும்" என்று கதையை மாற்றிவிடுவோம். சம்மதத்தோடு எடுத்த ஒலிப்பதிவைப் பக்கத்தில் இருந்து கேட்டு, "இந்த இடத்தில் ஏன் நழுவினாய்?" என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் அடுத்த முறை வாய் வரும்.

மறுகா, ஊர் சிறியது. வருபவர் மச்சானின் மனைவியாக இருப்பார், அல்லது மகனின் ரீச்சராக இருப்பார். அறை என்பது பல இடங்களில் இரண்டு அலுமாரிக்கு இடைப்பட்ட இடைவெளி. பாதிப் பேச்சில் ஒருவர் தலையை நீட்டி அஸ்வெசும என்ற அரச நிவாரணப் படிவம் கேட்பார். கணவரை இழந்த முஸ்லிம் பெண் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கும்போது அலுவலகத்துக்கு வரச் சொல்ல முடியாது. யார், எப்படி வீட்டுக்குப் போவது? இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பாடநூலில் பதில் கிடையாது. களத்தில் மோதிய மாணவர் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்துதான் பதில் தேட வேண்டும்.

மேற்பார்வைக்கு யார் என்பது நியாயமான கேள்வி. போதனா வைத்தியசாலையின் உளமருத்துவர்களிடமும், பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் வருடக்கணக்கில் இந்த வேலை செய்தவர்களிடமும் தொடங்குங்கள். அவர்களுக்கும் மேற்பார்வை செய்யப் பயிற்சி வேண்டும். அந்த நேரத்துக்குக் காசும் கொடுங்கள். தயவில் ஓடும் மேற்பார்வை இரண்டாவது தவணையில் நின்றுவிடும். படிக்க வருபவர்களில் பலர் அரச ஊழியர்களாகத்தான் இருப்பார்கள். களப்பயிற்சிக்குக் கடமை விடுமுறை கிடைக்கும்படி திணைக்களங்களோடு எழுத்தில் பேசிவிடுங்கள்.

உரிமச் சட்டம் உங்கள் கையில் இல்லை, அது கொழும்பில். பாடநெறி ஒழுங்குவிதி உங்கள் கையில்தான் இருக்கிறது. மணித்தியாலங்களை அதில் எண்ணாகவே எழுதுங்கள். மேற்பார்வையாளர் கையெழுத்திடாமல் பட்டம் இல்லை என்றும் எழுதுங்கள். வரைவு மூதவைக்கு வருமுன் களத்தில் இருக்கும் எங்களிடம் ஒரு பிரதி காட்டினால், திருத்தம் சொல்ல வருவோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஓர் உளவளத்துணையாளர்