சில்லு மாற்றிப் பூட்டும் கடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்து டயர்க்கடை, கராஜ் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஒரு கம்பனிக் காரின் அலோய் ரிம்மை இன்னொரு கம்பனிக் காருக்கு அடாப்டர் (காருக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்துப் பூட்டுகிற தடித்த உலோகத் தட்டு) வைத்துப் பூட்டித் தருகிறீர்கள். கேட்டு வருகிற பெடியளையும் குறை சொல்லமாட்டேன். அகலமான சில்லு வடிவுதான். ஒழுங்காகக் கடைந்த அடாப்டரும் தன்பாட்டில் ஆபத்தான சாமானில்லை. அளக்காமல் பூட்டுவதுதான் ஆபத்து.

மொறிஸ் மைனரை எடுங்கோ. அதற்கு நாலு ஸ்டட் (சில்லைப் பிடிக்கிற நட் ஏறும் இழைத்தண்டு), அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. சின்ன யப்பான் கார்களின் ரிம் பலதுக்கு 100 மி.மீ. "ஒன்றரை மில்லிதானே, இறுக்கினால் இருக்கும்" என்பார்கள். இருக்கும்தான். ஆனால் ஸ்டட் ஒவ்வொன்றும் உள்ளே இழுபட்டு, நட் துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் குந்தியிருக்கும். ஓட ஓட அந்த ஸ்டட்தான் களைத்து முறியும்.

நட்டிலும் இதே கதை. டொயோட்டா ஸ்டட்டும் நிசான் ஸ்டட்டும் 12 மி.மீ. தடிப்புத்தான், ஆனால் இழை இடைவெளி டொயோட்டாவுக்கு 1.5 மி.மீ., நிசானுக்கு 1.25 மி.மீ. மாறிப் போட்டால் கையால் ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகும். அந்த இடத்தில் காற்றழுத்தத்தில் நட் இறுக்குகிற எயார் கன்னைப் பிடித்தால் இழை போய்விடும். நட்டின் அடிப்பகுதியையும் பாருங்கோ: டொயோட்டா அலோய் பலதுக்குத் தட்டை வாசர், ஹொண்டாவுக்கு உருண்டை, கடை ரிம்முக்குக் கூம்பு. ரிம்மின் நடுத்துளை டொயோட்டா சின்னக் கார்களில் 54.1 மி.மீ., ஹொண்டாவில் 56.1 மி.மீ. ஹொண்டா ரிம் டொயோட்டாவில் தொளதொளக்கும், இடைவெளியை நிரப்ப வளையம் போடவேண்டும்.

20 மி.மீ. அடாப்டர் போட்டால் சில்லு 20 மி.மீ. வெளியே தள்ளும். பெயரிங்குக்குச் சுமை கூடும், ஆக்கள் நிறைய ஏறினால் டயர் மட்காட்டில் உரசும். இதைப் பூட்டமுதலே வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கோ. பிறகு பெயரிங் சத்தம் என்று வந்து உங்களோடுதான் சண்டை பிடிப்பார்.

எனக்குப் பெரிய பயம் உள்ளுக்குள் இருக்கிற நட். அடாப்டரைக் காரின் ஹப்போடு (சில்லு பூட்டுகிற, சுழலும் நடுப்பகுதி) பிடித்து வைத்திருப்பது அதுதான். சில்லைப் பூட்டியபின் கண்ணுக்குத் தெரியாது. வெளி நட்டை எவ்வளவு இறுக்கினாலும் உள் நட் இறுகாது. ஆகவே பருத்தித்துறைக்கு ஒருக்கால் போய்வந்த தூரம் ஓடியதும் காரைத் திரும்பக் கூப்பிட்டு, சில்லைக் கழற்றி, அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டுகிற டோர்க் ரென்ச்சால் உள் நட்டை இறுக்குங்கோ. டொயோட்டா கார்கள் பலதுக்கு அது 103 நியூட்டன் மீற்றர். கூலி வாங்கினாலும் பரவாயில்லை.

துளையை நீளமாக வெட்டி எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற தகட்டைப் பூட்டச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கோ. பூட்டித் தருகிற கார்களின் பில்லில் அடாப்டரின் தடிப்பையும் பூட்டியபோது மீற்றர் காட்டிய கிலோமீற்றரையும் எழுதுங்கோ. கார் கைமாறினால், அடுத்த மெக்கானிக்குக்கு உள்ளே இன்னொரு வரிசை நட் இருக்கிறது என்று தெரிய வேறு வழியில்லை.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் ஒருவன்